ஒரு பிடி பழைய தூள்

ஜூன் 4

டாக்டரம்மாவுக்கு,

நான் உங்கள் பழைய ஆய்வகத்தின் எலிக் கூண்டு அறைப் பெரியவர். கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைக்க வேண்டாம். கை என் வீட்டுக்காரியுடையது, வார்த்தை என்னுடையது. எனக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. எண் மட்டும் தெரியும். நான்கு வருஷம் உங்களோடு வேலை பார்த்தும் இது உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நான் தெரியவிடவில்லை. சட்டைப்பையில் ஒரு கண்ணாடி வைத்திருந்தேனே, அது வெறும் வேஷம். யாராவது தாளை நீட்டினால் அதை மாட்டிக்கொண்டு தலையாட்டுவேன். இனிமேல் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

போன மாதம் பதினேழாம் தேதி, காலை பத்து மணி இருக்கும். நான் கழுவும் தொட்டியில் நின்றிருந்தேன். மேற்பார்வையாளர் வந்தார். இடுப்பில் தொங்குவதைப் பார்த்து நாங்கள் சாவிக்கொத்து என்று கூப்பிடுவோமே, அவர்தான். "பெரியவரே, கையைத் துடைச்சிட்டு ஆபீசுக்கு வாங்க" என்றார். உள்ளே விசாரணைக் குழு என்று மூன்று பேர். நடுவில் இருந்த தலைவர் ஒரு தாளை வாசித்தார். "குட்டிகளை உதவியாளரே கையால் எடுத்துக் கூட்டில் வைத்துவிட்டு, ஆண் எலி வைத்ததாக எண்ணிக்கை சொல்லியிருக்கக் கூடும்." கீழே உங்கள் கையெழுத்து இருப்பதாகவும் சொன்னார். அங்கேயே சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். முப்பத்தொரு வருஷ வேலை, கை காய்வதற்குள் முடிந்துவிட்டது.

என்ன செய்தோம் என்று என் வீட்டுக்காரிக்கும் புரியட்டும், முதலிலிருந்து சொல்கிறேன். குட்டி போட்டு ஐந்து நாளான சுண்டெலி ஜோடி. அம்மா, அப்பன் இரண்டையும் எடுத்துப் பத்து நிமிஷம் வேறொரு சின்னக் கூண்டில் விடுவோம். அங்கே அம்மா கத்தும். நம் காதுக்குக் கேட்காத உச்சக் குரல். உங்கள் கேட்கும் பெட்டி அதை இறக்கித் தந்தால்தான் கேட்கும். ஈரவிரலால் கண்ணாடியைத் தேய்க்கிற மாதிரி. பிறகு அப்பனை மட்டும் பழைய கூண்டில் விட்டால், சிதறிக் கிடக்கும் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக் கூட்டுக்குள் கொண்டுபோய் வைக்கிறதா என்று பார்ப்போம். நீங்கள் பக்கத்து அறையில் பெட்டியோடு இருப்பீர்கள். நான் கூண்டின் முன்னால் நின்று, "நாலு, அஞ்சு" என்று குரல் கொடுப்பேன்.

நாற்பத்தெட்டு ஜோடி. நாற்பத்தொரு அப்பன்கள் தூக்கினார்கள், ஏழு பேர் தூக்கவில்லை. முதல் ஜோடி மூன்றாம் அடுக்கு, ஜன்னலிலிருந்து ஐந்தாவது கூண்டு. அப்பனுக்கு வலது காது கிழிந்திருக்கும். ஐந்து குட்டி. மூன்றாவதைப் பாதி வழியில் போட்டுவிட்டு உட்கார்ந்து முகம் கழுவினான், பெரிய மனுஷன். நான் சிரித்தது உங்கள் பெட்டியில் விழுந்து, "சத்தம் போடாதீங்க பெரியவரே" என்று சுவரைத் தட்டினீர்கள். நாற்பத்தெட்டையும் இப்படிச் சொல்வேன். கையால் வைத்தவனுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்குமா?

அந்தத் தாளிலிருந்து உங்கள் கையெழுத்தை எடுங்கள். எடுக்கும்வரை கடிதம் வந்துகொண்டேயிருக்கும்.

(இது நான் எழுதுவது. இவர் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறார். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.)

கூண்டு அறைப் பெரியவர்


ஜூன் 15

பெரியவருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கு உண்மையிலேயே தெரியாது. இந்தக் கடிதத்தை உங்கள் வீட்டம்மா உங்களுக்கு வாசிப்பார்கள் என்பதால், அவர்களுக்கும் என் வணக்கம்.

என் பக்கத்தையும் கேளுங்கள். அங்கே நாம் செய்ததை வைத்து, "அம்மாவின் குரல் ஒன்றே போதும், அப்பன் குட்டிகளைக் கவனிப்பான்" என்று கட்டுரை எழுதினேன். அதை வைத்துத்தான் இந்தப் பெரிய ஆய்வகத்தில் எனக்கு இடம் கிடைத்தது. வந்ததும் அதே வேலையைத் திரும்பச் செய்தேன். நாற்பது ஜோடி. அம்மாக்கள் எல்லாம் கத்தின. தூக்கிய அப்பன்கள் மூன்றே மூன்று. மற்றவை அந்தச் சின்னக் கூண்டிலேயே மூலைக்கு மூலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. இங்கே உள்ளவர்கள் கேட்கிறார்கள், அங்கே யார் எண்ணினார்கள் என்று. நான் என்ன சொல்வது? நான் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னதைத்தான் எழுதினேன்.

நீங்கள் செய்தீர்கள் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. செய்திருக்கக் கூடும் என்பதற்குத்தான் கையெழுத்துப் போட்டேன். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். குட்டி குளிரில் கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு ஒரு தடவையாவது கை வைத்தீர்களா? உண்மையைச் சொன்னால் நான் கோபப்பட மாட்டேன்.

அன்புடன்,
டாக்டர்


ஜூன் 21

டாக்டரம்மாவுக்கு,

கோபப்பட மாட்டீர்களாம். கோபப்பட வேண்டியவன் நான். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு என் வீட்டுக்காரி, "இந்தப் பொண்ணு உங்களைத் திருடன்னு சொல்லல, திருடியிருந்தா மன்னிச்சிடறேன்னு சொல்லுது" என்றாள். அவள் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

கை வைக்கவில்லை. ஒரு தடவைகூட இல்லை. முப்பத்தாறாவது ஜோடியின் குட்டி ஒன்று தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் உருண்டுபோய் நனைந்து நடுங்கியது. அப்பன் திரும்பியே பார்க்கவில்லை. எனக்குக் கை பரபரத்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். "தூக்கல" என்றுதான் குரல் கொடுத்தேன். உங்கள் நோட்டில் முப்பத்தாறைப் பாருங்கள், சைபர் இருக்கும். கணக்கை ஏற்றிச் சொல்கிறவன் அன்றைக்கு ஏன் விட்டான்?

நீங்கள் எழுதியதில் ஒரு இடம் எனக்கு உறுத்துகிறது. அம்மா கத்தியும் அப்பன் மூலைக்கு மூலை ஏறினான் என்கிறீர்களே. எலி எப்போது மூலையில் ஏறும்? இடம் பிடிபடாதபோது ஏறும். நம்மிடம் அந்தப் பத்து நிமிஷக் கூண்டில் எந்த அப்பனும் ஏறியதில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அவள் கத்துவாள், இவன் மீசையை ஆட்டிக்கொண்டு கேட்பான், வீட்டில் நடக்கிற மாதிரியே.

(எங்கள் வீட்டில் இவர் கேட்பதில்லை.)

அவள் என்னவோ எழுதினாள், கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள். இருக்கட்டும். எனக்கு இதற்குப் பதில் வேண்டும். அங்கே அந்தச் சின்னக் கூண்டை யார் தயார் பண்ணுகிறார்கள்? எதில் கழுவுகிறார்கள்? உள்ளே என்ன போடுகிறார்கள்? எப்போது போடுகிறார்கள்? வெயிலில் காயவைக்கிறார்களா? யாரையும் கேட்டு எழுதாதீர்கள். பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கூண்டு அறைப் பெரியவர்


ஜூலை 2

பெரியவருக்கு,

நின்று பார்த்தேன். சொல்கிறேன்.

இங்கே கூண்டை மனிதர் தயார் பண்ணுவதில்லை. இயந்திரம் கழுவி, கொதிநீராவியில் வேகவைத்து, உறை போட்டு அனுப்புகிறது. உள்ளே புத்தம்புது மரத்தூள். எலியை விடுகிற நேரத்தில்தான் உறையைப் பிரிக்கிறோம். வேறு ஒன்றும் கிடையாது.

நம் பழைய இடத்திலும் அப்படித்தானே? இயந்திரம் இல்லையே தவிர, தூள் புதுசுதான். "சின்னக் கூண்டில் புதுத் தூள் மட்டும்" என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தேன். நீங்கள் டிக் போட்ட கூண்டு அட்டைகள் நாற்பத்தெட்டும் என்னிடம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் டிக் ஒரே இடத்தில் இருக்கிறது. முதல் அட்டையை இதோடு வைத்திருக்கிறேன், அம்மாவை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

முப்பத்தாறைப் பார்த்தேன். சைபர்தான்.

டாக்டர்


ஜூலை 9

டாக்டரம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதமாட்டேன் என்று என் வீட்டுக்காரி இரண்டு நாள் பேனாவை ஒளித்து வைத்தாள். தபாலாபீசில் போய் வேறு யாரிடமாவது சொல்லி எழுதுவேன் என்று செருப்பை மாட்டிய பிறகுதான் எடுத்தாள்.

நீங்கள் அனுப்பிய அட்டையை அவள் வாசித்தாள். தேதி, அடுக்கு, கூண்டு எண். எல்லாம் சரி. பிறகு, "இந்த ரெண்டாவது கட்டம் ஏங்க காலியா இருக்கு?" என்றாள்.

"எந்த ரெண்டாவது கட்டம்?"

"மேல ஒரு கட்டம், 'புதுத் தூள் மட்டும்'னு போட்டிருக்கு, அதுல உங்க டிக். கீழ இன்னொரு கட்டம், 'பழைய தூள் சேர்த்தது'ன்னு. அது காலி."

அட்டையை வாங்கி, என் டிக் இருந்த கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

டாக்டரம்மா, நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, சாவிக்கொத்துக்கு முன்னால் இருந்த மேற்பார்வையாளர் அட்டையை என் கையில் கொடுத்து, மேல் கட்டத்தில் விரலை வைத்து, "வேலை முடிஞ்சா இங்க ஒரு டிக் போடு, அவ்வளவுதான்" என்றார். முப்பத்தொரு வருஷம் அங்கேதான் போட்டேன். வேலை முடிந்தது என்று அர்த்தம் என்று நினைத்தேன். கீழே இருந்த கட்டம் மற்றவர் யாரோ போடுவதற்கு என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் கதவில் ஒட்டியதும் எனக்குத் தெரியும். வெள்ளைத் தாள், நான்கு மூலையிலும் நீல டேப். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் முன்னால் நின்று தலையாட்டினேன். நீங்கள் பின்னால் நின்றிருந்தீர்கள். "சரிதானே பெரியவரே?" என்றீர்கள். "சரிதாம்மா" என்றேன்.

இப்போது செய்ததைச் சொல்கிறேன். எந்தக் கூண்டு மாற்றினாலும் பழைய கூட்டிலிருந்து ஒரு பிடி தூள் எடுத்துப் புதுக் கூண்டில் போடுவேன். சேர்ந்த வருஷம் கற்றது இது. அப்போது இருபது ஆண் கூண்டுகளைப் பளபளவென்று கழுவி, புதுத் தூள் போட்டு, என் வேலையை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்தால் ஒன்பது கூண்டில் ரத்தம். கூடப் பிறந்ததையே வாலில் கடித்துக் குதறியிருந்தன. வாசனை போனால் அண்ணன் யார், அந்நியன் யார் என்று அவற்றுக்குத் தெரிவதில்லை. அடுத்த வாரம் ஒரு பிடி பழசைப் போட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லை. அன்றிலிருந்து போடுகிறேன். சமைக்கிறவள் உப்புப் போட்டேன், உப்புப் போட்டேன் என்று சொல்லிக்கொண்டா திரிவாள்? நானும் யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் சின்னக் கூண்டிலும் போட்டேன். நாற்பத்தெட்டிலும்.

"இதை எழுதினா நீங்களே மாட்டிக்குவீங்க. செய்யாததுக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, செஞ்சதைச் சொன்னா சும்மா விடுவாங்களா?" என்று இவள் அழுகிறாள். மாட்டிக்கொள்கிறேன். தூள் போட்டது நான், தப்பான கட்டத்தில் டிக் போட்டதும் நான், படிக்கத் தெரியும் என்று நடித்ததும் நான். மூன்றையும் என்மேல் எழுதுங்கள். குட்டியைக் கையால் வைத்ததை மட்டும் எடுங்கள், அது நான் இல்லை.

அங்கே ஒரு பிடி போட்டுப் பாருங்கள்.

கூண்டு அறைப் பெரியவர்


ஜூலை 27

பெரியவருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. நான் எழுதிய கட்டுரையின் முதல் வரியே அதோடு ஆட்டம் கண்டுவிட்டது. ஆனாலும் போட்டுப் பார்த்தேன்.

பத்து ஜோடி. முந்தின நாளே ஒவ்வொரு கூண்டிலிருந்தும் பழைய தூளை எடுத்து, மூடிய டப்பாவில் வைத்து, மறுநாள் சின்னக் கூண்டில் போட்டோம். ஒரு அப்பன்கூடத் தூக்கவில்லை. இரண்டு ஆண்கள் அந்தத் தூளைக் காலால் தள்ளி மூலையில் ஒதுக்கின.

நான் என்ன நினைக்க வேண்டும்? சொல்லுங்கள். இங்கே எல்லோரும் என்னைப் பார்க்கிற பார்வை நன்றாக இல்லை.

டாக்டர்


ஆகஸ்ட் 1

டாக்டரம்மாவுக்கு,

என்ன நினைக்க வேண்டும் என்றா கேட்கிறீர்கள்? எங்கிருந்து எடுத்தோம் என்று நினைக்க வேண்டும்.

காலால் தள்ளியது என்றதும் தெரிந்துவிட்டது. கூண்டின் ஓரத்திலிருந்து அள்ளியிருக்கிறார்கள். ஓரம் அதன் கக்கூஸ். உங்கள் கக்கூஸை யாராவது வரவேற்பறையில் கொண்டுவந்து கொட்டினால் நீங்களும்தான் தள்ளுவீர்கள். கூட்டுக்குள்ளிருந்து எடுக்க வேண்டும். குட்டிகள் படுத்திருக்கும் இடத்துக்கு அடியில், கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும், அங்கே. கிழித்துப் பஞ்சாக்கின தாளும் தூளும் கலந்து வரும்.

முந்தின நாள் எடுத்து வைக்கவே கூடாது. எலியைத் தூக்குகிற கையோடு எடுத்து, அந்தச் சூட்டிலேயே போட வேண்டும். டப்பா வேண்டாம். கையுறை மாற்றுங்கள், ஒரு கூண்டில் விட்ட கையை அடுத்ததில் விடக்கூடாது. அந்த அறையில் மின்விசிறி இருந்தால் நிறுத்துங்கள்.

எவ்வளவு என்று கேட்பீர்கள். கையை மூடினால் விரல் இடுக்கில் கொஞ்சம் பிதுங்க வேண்டும். இவள் என் கையில் அவல் கொடுத்துப் பிடிக்கச் சொல்லித் தராசில் போட்டுப் பார்த்தாள். அவல் வேறு, தூள் வேறு என்று சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறாள்.

மற்றவரை விடாதீர்கள். நீங்களே எடுங்கள். நீங்களே கூண்டின் முன்னால் நில்லுங்கள்.

கூண்டு அறைப் பெரியவர்


ஆகஸ்ட் 24

பெரியவருக்கு,

நானே எடுத்தேன். நானே நின்றேன். பெட்டியை வேறொருவர் கேட்டார்.

இருபத்துநான்கு ஜோடி. இருபத்தொரு அப்பன்கள் தூக்கினார்கள்.

முதல் ஆண் குட்டியைக் கவ்விக்கொண்டு போனபோது நான் அறியாமல் "ஒண்ணு!" என்று கத்திவிட்டேன். சத்தம் போடாதீங்க என்று பக்கத்து அறையிலிருந்து சுவரைத் தட்டினார்கள்.

பிறகு இன்னொன்றும் பார்த்தேன். அம்மாவை விடாமல், அப்பனை மட்டும் ஒரு பிடி தூளோடு பத்து நிமிஷம் விட்டேன். இருபத்துநான்கில் இரண்டுதான் தூக்கின. ஆக, குரல் மட்டும் இருந்தாலும் இல்லை, வாசனை மட்டும் இருந்தாலும் இல்லை. கூட்டின் வாசனை இருக்கிற இடத்தில் அம்மாவின் குரல் கேட்டால்தான் அப்பன் அப்பனாகிறான். குரல் ஒன்றே போதும் என்று நான் எழுதியது தப்பு.

இதைக் குழுத் தலைவரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் ஒரு வழி சொன்னார். "காரணம் தெரியாத இட வேறுபாடு என்று ஒரு சின்னக் குறிப்பு மட்டும் போடுங்க. கட்டுரை அப்படியே நிக்கட்டும். நாங்க பெரியவர்மேல எந்தக் குற்றமும் இல்லைன்னு எழுதி, அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுக்கறோம். டிக் விஷயம், படிக்கத் தெரியாத விஷயம், எதுவும் வெளிய வர வேண்டாம். யாருக்கும் நஷ்டமில்லை."

ஒளிக்காமல் சொல்கிறேன். அக்டோபரில் என் வேலையை நிரந்தரமாக்குவதா என்று முடிவு செய்கிறார்கள். அந்தக் கட்டுரை போனால் அதுவும் போகலாம். உங்களுக்கு வேண்டியது உங்கள் பெயர். அது இந்த வழியில் இந்த வாரமே கிடைத்துவிடும். ஒரு கறையும் இல்லாமல் கிடைக்கும்.

நீங்கள் சரி என்றால் நானும் சரி என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் கேட்கிறேன்.

டாக்டர்


ஆகஸ்ட் 30

டாக்டரம்மாவுக்கு,

இருபத்தொன்று என்று இவள் வாசித்ததும் நான் எழுந்து தெருவில் இறங்கி, முனைவரை நடந்துவிட்டு வந்தேன். செருப்புப் போட்டேனா என்றுகூட நினைவில்லை.

(போடவில்லை.)

தலைவர் சொன்ன வழியை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னேன். இவளுக்கு ஆசைதான். "சரின்னு சொல்லிடுங்க, ஊரே உங்களை நல்லவர்னு சொல்லப்போகுது, இன்னும் என்ன வேணும்?" என்றாள். மூன்று நாளாக என்னோடு பேசாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

எனக்குச் சரிப்படாது. காரணம் தெரியாத என்று எப்படி எழுதுவீர்கள்? தெரியுமே. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், எழுதிக்கொண்டிருக்கிற இவளுக்குத் தெரியும், இப்போது அந்தத் தலைவருக்கும் தெரியும். நான்கு பேருக்குத் தெரிந்ததைத் தெரியாது என்று எழுத ஒரு படிப்பு எதற்கு? அதற்கு நானே போதுமே.

உங்கள் கட்டுரையை எங்கேயோ ஒரு பெண் படிப்பாள். உங்களைப்போலப் புத்திசாலி, ராப்பகலாக உழைக்கிறவள். நாற்பது ஜோடியைப் பிரித்து வைத்துப் பார்ப்பாள். அப்பன்கள் தூக்காது. குட்டிகள் குளிரில் கிடக்கும். அவள் உங்கள் கட்டுரையைச் சந்தேகப்படமாட்டாள். தன் கூண்டுக்காரனைச் சந்தேகப்படுவாள். அங்கேயும் ஒருவன் கையைத் துடைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போவான். அவனுக்கு என்னைப்போல ஞாபகம் இருக்குமா, எழுதித்தர ஒருத்தி இருப்பாளா என்று யாருக்குத் தெரியும்?

உங்கள் வேலையைப் பற்றி நான் சுலபமாகச் சொல்லிவிடுகிறேன் என்று நினைக்காதீர்கள். என் வேலை போன மூன்றரை மாதம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். காலை ஆறு மணிக்குக் கை தானாகச் சட்டையைத் தேடுகிறது. அப்படியும் கேட்கிறேன். முழுசாக எழுதுங்கள். என் தப்பு இன்னது, உங்கள் தப்பு இன்னது என்று எழுதுங்கள். குற்றமே இல்லாதவன் என்று ஒரு தாள் எனக்கு வேண்டாம். அதுவும் பொய்த் தாள்தான்.

கூண்டு அறைப் பெரியவர்

(எழுதி முடித்தபிறகு சொல்கிறேன். நான் பேசாமல் இருந்தது கோபத்தில் மட்டும் இல்லை. இவர் சொல்வது சரி என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. எழுதுங்கள் அம்மா, முழுசாகவே எழுதுங்கள்.)


செப்டம்பர் 19

பெரியவருக்கும் அம்மாவுக்கும்,

எழுதிவிட்டேன். அனுப்பியும்விட்டேன். பழைய கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்ற அறிவிப்பில் உள்ள பகுதியை அப்படியே தருகிறேன். அம்மா நிறுத்தி நிறுத்தி வாசிக்கட்டும்:

"சின்னக் கூண்டில் புதுத் தூள் மட்டுமே இருந்ததாக முன்பு எழுதியிருந்தோம். அது தவறு. எல்லாக் கூண்டுகளிலும் கூட்டிலிருந்து எடுத்த ஒரு பிடி பழைய தூள் இருந்தது. அதைச் சேர்த்த கூண்டு உதவியாளருக்குப் படிக்கத் தெரியாது. அதை அவர் மறைத்தார். அட்டையில் தவறான கட்டத்தில் குறியிட்டார். ஆய்வை நடத்திய நான், வேலை எப்படி நடக்கிறது என்பதை நான்கு வருடங்களில் ஒருமுறையும் நேரில் பார்க்கவில்லை. சொல்ல வேண்டியதைக் கதவில் ஒட்டிவிட்டுப் போனேன். உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தவர் அந்த உதவியாளர். குட்டிகளை அவர் தொட்டதாகச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்த அறிக்கையிலிருந்து என் கையெழுத்தை விலக்கிக்கொள்கிறேன்."

தலைவர் கூப்பிட்டுக் கத்தினார். "படிக்கத் தெரியாதுன்னு அச்சுல போடறீங்களே, அவருக்கு அவமானமா இருக்காதா?" என்றார். "அவர்தான் போடச் சொன்னார்" என்றேன். பிறகு கத்தவில்லை. அறிக்கையை ரத்து செய்வதாகவும் உங்களைத் திரும்பக் கூப்பிடுவதாகவும் உங்களுக்கே எழுதுவார்கள்.

என் விஷயம்: நிரந்தரம் என்பதை ஒரு வருஷம் தள்ளிவைத்துவிட்டார்கள். வெளியே அனுப்பவில்லை. இரண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். நான் முதல் ஜோடியிலிருந்து மறுபடி ஆரம்பித்துவிட்டேன். இந்தத் தடவை கூண்டு கழுவுவதிலிருந்து நான் அங்கே நிற்கிறேன். கழுவுகிறவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

உங்களை நோக்கி விரல் நீட்டியதற்கு என்னை மன்னித்துவிடுங்கள்.

டாக்டர்


அக்டோபர் 3

டாக்டரம்மாவுக்கு,

நீங்கள் எழுதியதை இவள் வாசித்தாள். "மறைத்தார்" என்ற இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். மேலே போ என்றேன். எல்லாம் நடந்தபடியே இருக்கிறது. மன்னிப்பு என்று தனியாக ஒன்றும் வேண்டாம், அந்தப் பத்தி போதும்.

முந்தாநாள் திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். சாவிக்கொத்து வாசலிலேயே நின்று, வளையத்திலிருந்து என் சாவியைக் கழற்றிக் கொடுத்தார். உள்ளே போனால் மூக்கே வேலை செய்யாத அளவுக்கு அறை நாறிக் கிடந்தது. நான் இல்லாத நாட்களில் முழுக்கப் புதுத் தூள்தான் போட்டிருக்கிறார்கள். ஆண் கூண்டுகளில் வால் முழுசாக இருப்பதைத் தேட வேண்டியிருந்தது. மத்தியானத்துக்குள் அறுபத்துநான்கு கூண்டு மாற்றினேன், ஒவ்வொன்றிலும் ஒரு பிடி போட்டு.

முடித்ததும் அவர் அட்டைக் கட்டையும் பேனாவையும் நீட்டினார். "டிக் போட்டுடுங்க பெரியவரே."

"படிங்க" என்றேன்.

"என்ன?"

"என்ன எழுதியிருக்குன்னு படிங்க. கேட்டுட்டுப் போடறேன்."

முதல் அட்டையைப் படித்தார். தேதி, அடுக்கு, எண். மேல் கட்டம் புதுத் தூள் மட்டும், கீழ்க் கட்டம் பழைய தூள் சேர்த்தது. கீழே போட்டேன். அடுத்த அட்டைக்குக் கையை நீட்டினேன். அவர் அட்டைக் கட்டை முழுசாக என் பக்கம் தள்ளினார்.

"எல்லா அட்டையும் ஒண்ணுதான் பெரியவரே. கீழ் கட்டத்துல போட்டுக்கிட்டே போங்க."

"ஒண்ணுதான்னுதான் முப்பத்தொரு வருஷமா நானும் போட்டேன். படிங்க."

பெருமூச்சு விட்டார். சாவியெல்லாம் குலுங்க ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டாவது அட்டையைக் கையில் எடுத்தார். அறுபத்துநான்கையும் படித்தார். நான் ஒவ்வொன்றாகப் போட்டேன்.

கூண்டு அறைப் பெரியவர்